முத்திரை உடைந்த பெட்டியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா?

கெடா மாநிலத் தோட்டங்களிலிருந்து நம்மிடம் வரும் முறையீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. அது சம்பளத்தைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியதல்ல, பால் நிறுவையைப் பற்றியதுமல்ல. “இணையக் கடையில் புத்தம் புதுக் கைப்பேசி என்று போட்டிருந்தது. பணம் கட்டினோம். பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் பெட்டியில் முத்திரையே இல்லை. யாரோ திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடி அனுப்பியது போல இருக்கிறது. இப்போது நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கிறார்கள்.

இதெல்லாம் தொழிற்சங்கம் தலையிட வேண்டிய காரியமா, சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டிய விஷயமா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். தலையிட வேண்டிய காரியந்தான், எழுத வேண்டிய விஷயந்தான் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். தொழிலாளியின் கூலியை உயர்த்தப் போராடுவது சங்கத்தின் வேலை என்றால், உயர்ந்த கூலி வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் எவன் கையிலும் அநியாயமாகப் பறிபோகாமல் பார்ப்பதும் அந்த வேலையின் மறுபாதிதான். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த சித்தாந்தமல்ல. யுத்தம் முடிந்த கையோடு 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கிளம்பியபோது அது முதலில் போய் நின்ற இடம் எது? கள்ளுக்கடை வாசல்! காலையில் வெட்டிய பாலுக்குக் கிடைத்த காசு மாலையில் கள்ளுக்கடையில் கரைவதைத் தடுக்காமல் கூலி உயர்வு கேட்பதில் பொருளில்லை என்று அவர்கள் கண்டிருந்தார்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, தொழிலாளி தன் சம்பளத்தை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்று சொல்கிறது. தோட்டத்துக் கடையில்தான் சாமான் வாங்க வேண்டும், பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் சம்மதிக்க வேண்டும் என்றிருந்த காலத்துக்கு அந்தப் பிரிவு ஒரு பதில்.

இப்பொழுது தோட்டத்துக் கடையின் இடத்தில் இணையக் கடை வந்திருக்கிறது. யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. ஆனாலும் கடைக்காரனின் முகம் தெரியாது, தராசு தெரியாது, பொருளை முன்கூட்டித் தொட்டுப் பார்க்க வழியில்லை. 2025 பிப்ரவரி 1 முதல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை வாங்கும் ஒரு குடும்பத்தலைவர் பிள்ளையின் படிப்புக்காக 850 வெள்ளிக்கு ஒரு கைப்பேசி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அரை மாத உழைப்பு. இருட்டில் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மழைக்கும் கொசுவுக்கும் நடுவே மரம் மரமாக ஏறி இறங்கிய இரண்டு வாரம் அந்தச் சிறிய பெட்டிக்குள் இருக்கிறது. அப்பெட்டி முத்திரை உடைந்து வந்தால், “சரி, வேலை செய்கிறதே, போனால் போகட்டும்” என்று எடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் நாம் எழுதுகிறோம்.

ஒன்று கேட்கிறோம். நாம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் கிராணி சும்மா வாங்கிக்கொள்கிறாரா? நிறுக்கிறார். மெட்ரோலாக்கை விட்டுப் பார்க்கிறார். பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டு, காய்ந்த ரப்பரின் எடைக்குத்தான் காசு என்கிறார். கொஞ்சம் தண்ணீர் கூடினால் எத்தனை கேள்வி! ஒட்டுப்பாலில் மரப்பட்டை கலந்திருந்தால் எத்தனை அதட்டல்! நம் உழைப்பின் பலனை வாங்குகிறவர் இவ்வளவு சோதித்து வாங்குகிறார். அதில் தவறில்லை என்று நாமும் நிற்கிறோம். அப்படியானால் அந்த உழைப்பின் காசைக் கொடுத்து நாம் ஒரு பொருளை வாங்கும்போது சோதிக்காமல் வாங்குவது எந்த ஊர் நியாயம்? சோதித்துக் கேட்டால் “கணக்குப் பார்க்கிறவன்” என்ற பெயர் வந்துவிடும் என்று கூசுகிறார்கள். வரட்டுமே!

நிற்க. முதலில் முத்திரை என்பது என்ன, அது உடைந்திருந்தால் என்ன அர்த்தம் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இவ்விஷயத்தில் வீண் பயமும் உண்டு, வீண் நம்பிக்கையும் உண்டு.

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே விதமான முத்திரை கிடையாது. சில கம்பெனிகள் பெட்டி முழுவதையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி அனுப்புகின்றன. சில கம்பெனிகள் பெட்டியின் ஓரத்தில் வட்டமாகவோ நீளமாகவோ சிறு ஒட்டுச்சீட்டு மட்டும் ஒட்டுகின்றன. ஆப்பிள் கம்பெனி 2021இல் ஐபோன் 13 வெளியிட்டபோது பிளாஸ்டிக் உறையைக் கைவிட்டு, கிழித்துத் திறக்கும் காகிதப் பட்டைக்கு மாறியது. இதை அறியாதவர் “பிளாஸ்டிக் இல்லையே, ஏமாற்றிவிட்டான்” என்று கூச்சல் போட்டால் கடைசியில் அவர்தான் வெட்கப்பட நேரும். ஆகவே நாம் வாங்கிய மாடலுக்கு எந்த முத்திரை இருக்க வேண்டும் என்பதை அந்தக் கம்பெனியின் பக்கத்திலோ, அதே மாடலைப் பிரித்துக் காட்டும் படங்களிலோ பார்த்துக்கொள்வது முதற்காரியம்.

முத்திரை உடைந்திருப்பதற்கு யோக்கியமான காரணமும் இருக்கலாம். கடைக்காரர் உள்ளே பொருள் சரியாக இருக்கிறதா என்று பார்த்திருப்பார். கண்ணாடி ஒட்டி அனுப்பும்படி வாங்கினவரே கேட்டிருப்பார். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்த செட்டாக இருந்தால் இங்கே பயன்படும்படி மொழியையும் செயலிகளையும் மாற்றி வைப்பதற்காகத் திறந்திருப்பார்கள். யோக்கியமில்லாத காரணமும் இருக்கலாம். வேறொருவர் வாங்கி, பிடிக்காமல் திருப்பி அனுப்பியது மறுபடியும் “புதிது” என்ற பெயரில் நம்மிடம் வந்திருக்கலாம். கண்ணாடி மேடையில் காட்சிக்கு வைத்திருந்ததாக இருக்கலாம். பழுது பார்த்துப் புதுப்பித்த பழைய செட்டாக இருக்கலாம். உள்ளே இருந்த சார்ஜரையும் கம்பியையும் எடுத்துவிட்டு மலிவுச் சரக்கை வைத்திருக்கலாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுவோம். முத்திரை பத்திரமாக இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பது புதிது என்று ஆகிவிடாது. சுருங்கும் பிளாஸ்டிக் தாளும், சூடு காட்டும் கருவியும், அச்சடித்த ஒட்டுச்சீட்டும் எவர் வேண்டுமானாலும் வாங்கக்கூடியவை. திறந்ததை மூடத் தெரிந்தவனுக்கு மூடியதைப் புதிது போலக் காட்டவும் தெரியும். முத்திரை ஒரு சாட்சி, அவ்வளவுதான். மற்ற சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.

நம்மிடம் வந்த முறையீடு ஒன்றைச் சொல்கிறோம். கடையின் பெயரும் குடும்பத்தின் பெயரும் வேண்டாம். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாயார் தம் மகளுக்காக வாங்கிய கைப்பேசி முத்திரையில்லாமல் வந்தது. மகள் ஆசையோடு உடனே சிம்மைப் போட்டு, தன் கணக்கை ஏற்றி, படங்களையெல்லாம் மாற்றிக்கொண்டாள். ‘பொருள் கிடைத்தது’ என்ற பொத்தானையும் அழுத்திவிட்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் சார்ஜ் நிற்கவில்லை என்று தெரிந்தது. விசாரித்தால் அந்தச் செட்டின் உத்தரவாதக் காலம் அவர்கள் வாங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கிறது! கடைக்காரர், “நீங்கள்தான் திருப்தி என்று அழுத்திவிட்டீர்களே” என்றார். அந்த அம்மாளிடம் பார்சல் வந்த உறையும் இல்லை, படமும் இல்லை. நியாயம் முழுவதும் அவர் பக்கம்; சாட்சியம் முழுவதும் காற்றில்! இப்படி வேறொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இனி வருவதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். வீட்டில் இளைஞர் யாரையாவது உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பார்சல் கைக்கு வந்ததும், மேல் உறையைக் கிழிப்பதற்கு முன்பே வேறொரு கைப்பேசியால் வீடியோ எடுக்கத் தொடங்க வேண்டும். முகவரிச் சீட்டும் அதிலுள்ள எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு நிறுத்தாமல், வெட்டாமல், ஒரே ஓட்டமாக உறையைப் பிரித்து, பெட்டியின் ஆறு பக்கங்களையும் காட்டி, முத்திரை இருக்க வேண்டிய இடத்தை நெருக்கத்தில் காட்டி, அதன்பின் திறக்க வேண்டும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். பின்னால் வரும் எந்த வாதத்துக்கும் இந்த ஐந்து நிமிடமே பதில் சொல்லும்.

முத்திரை இல்லை என்று கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். சிம் போட வேண்டாம். கணக்கு ஏற்ற வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரிக்க வேண்டாம். சோதிப்பதற்கு மட்டும் திறந்து பாருங்கள். பெட்டியின் மேல் 15 இலக்கம் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் அச்சிட்டிருக்கும். கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் அதே எண் திரையில் வரும்; இரண்டு சிம் போடும் செட்டானால் இரண்டு எண் வரும். பெட்டி, திரை, ரசீது மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் மேற்கொண்டு ஆராய்ச்சியே தேவையில்லை. பெட்டி ஒருவனுடையது, செட்டு இன்னொருவனுடையது.

ஒத்துப்போனால், உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்கியது என்று பாருங்கள். பல உற்பத்தியாளர்கள் தங்கள் பக்கத்தில் செட்டின் எண்ணைக் கொடுத்துப் பார்க்க வசதி வைத்திருக்கிறார்கள். நேற்று வந்த செட்டுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே உத்தரவாதம் தொடங்கியிருந்தால் அது புதிதல்ல என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? ஐபோனாக இருந்தால் இன்னொரு அடையாளம் உண்டு. அமைப்புப் பகுதியில் காணும் மாடல் எண் ‘எம்’ எழுத்தில் தொடங்கினால் கடையில் புதிதாக விற்றது. ‘எஃப்’ என்றால் புதுப்பித்தது. ‘என்’ என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. 2023இல் வந்த ஐபோன் 15 முதற்கொண்டு மின்கலம் எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற கணக்கையும் செட்டே காட்டுகிறது. மற்றபடி சார்ஜ் போடும் துவாரத்தில் கீறல், சிம் தட்டில் தேய்மானம், திறந்தவுடன் வேறொருவர் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பது ஆகியவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சாட்சிகள். சிரிம் முத்திரைச் சீட்டும் முக்கியம். இந்நாட்டில் விற்கும் கைப்பேசிக்குத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த அடையாளம் இல்லாத செட்டுக்கு உள்ளூர் உத்தரவாதம் கிடைக்கும் என்று எவரும் கனவு காண வேண்டாம்.

“இதெல்லாம் படித்தவர்கள் வேலை, தோட்டத்துக்காரனுக்கு என்ன தெரியும்” என்று சொல்லுகிறவர்களைக் கண்டால் நமக்குக் கோபம் வருகிறது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. பாடாங் செராயிலும் லூனாஸிலும் பிறந்த தோட்டத்துப் பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தூசி புகாத அறைகளில் மின்னணுச் சில்லுகளைச் செய்யும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு பதினைந்து இலக்க எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாதா?

அடுத்தது பண விஷயம். ஷோப்பி, லாசாடா போன்ற பெரிய இணையச் சந்தைகளில் நாம் கட்டும் பணம் உடனே கடைக்காரர் கைக்குப் போவதில்லை. ‘பொருள் கிடைத்தது’ என்று நாம் அழுத்தும் வரை சந்தைக்காரர் அதைப் பிடித்து வைத்திருக்கிறார். நாம் அழுத்தாவிட்டாலும் குறிப்பிட்ட நாட்கள் கழிந்தால் பணம் தானாகவே போய்விடும். ஆகவே முத்திரை இல்லை என்று கண்ட அன்றே அழுத்தாமல் நிறுத்தி, ‘திருப்பி அனுப்புதல், பணம் திரும்பப் பெறுதல்’ என்ற பகுதியில் விண்ணப்பம் போட்டு, வீடியோவையும் படங்களையும் சேர்த்துவிட வேண்டும். தவணை முறையில் வாங்கியிருந்தால் தவணை கொடுத்த கம்பெனிக்கும் அன்றே எழுத வேண்டும். இல்லையேல் பொருள் திரும்பிப் போனபின்னும் தவணை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

கடைக்காரர், “சந்தைக்கு வெளியே வாட்சப்பில் பேசுவோம், 50 வெள்ளி தள்ளித் தருகிறேன், விண்ணப்பத்தை எடுத்துவிடுங்கள்” என்று கொஞ்சுவார். போகாதீர்கள். பேச்செல்லாம் சந்தைக்குள்ளேயே, எழுத்திலேயே இருக்கட்டும். விண்ணப்பத்தை எடுத்துவிட்டால் மறுபடி போட இடம் கிடைக்காமல் போகலாம். உண்மையிலேயே குறைந்த விலைக்கு அந்தச் செட்டை வைத்துக்கொள்ள விருப்பமானால் அதுவும் உங்கள் சுதந்திரம். ஆனால் அந்த ஒப்பந்தமும் சந்தையின் வழியாகவே நடக்கட்டும்.

இங்கே தோட்டத்துக்கென்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. பட்டணத்து வீட்டுக்குப் பார்சல் வாசலில் வந்து நிற்கும். தோட்டத்திலோ கூரியர் வண்டி பல இடங்களில் லயத்து வீடு வரைக்கும் வருவதில்லை. காவல் குடிசையிலோ, ஆபீசிலோ, மெயின் ரோட்டுக் கடையிலோ வைத்துவிட்டு, ‘ஒப்படைத்தாயிற்று’ என்று பதிந்துகொண்டு போய்விடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து நம் நாட்கள் ஓடத் தொடங்குகின்றன! காலையில் வெட்டுக்குப் போனவர் மாலையில்தான் ஆபீசுப் பக்கம் போவார். ஞாயிறு என்றால் ஆபீசு பூட்டியிருக்கும். பார்சல் மூன்று நாள் மேசைக்கடியில் கிடக்கும். எவர் கையிலெல்லாம் புரளுமோ தெரியாது. பிறகு முத்திரை உடைந்திருக்கிறது என்று சொன்னால், “உங்கள் ஆபீசில் யாராவது பிரித்திருப்பார்கள்” என்று கடைக்காரர் கையை விரிப்பார். ஆகவே நமது கிளைகள் ஒவ்வொன்றும் நிர்வாகத்தோடு பேசி, வரும் பார்சல்களை ஒரு நோட்டில் தேதியும் நேரமும் போட்டுப் பதியவும், பூட்டு உள்ள ஓர் அலமாரியில் வைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்காக நிர்வாகத்துக்கு ஒரு காசும் செலவில்லை. வாங்கும்போது மேல் உறை கிழிந்திருந்தால் அங்கேயே படமெடுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் ‘உறை கிழிந்திருந்தது’ என்று எழுதிவிடுங்கள்.

இனிச் சட்டம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குப் பக்கபலமாக இருக்கிறது. ஆரம்பத்தில் அச்சட்டம் மின்னணு வழி வியாபாரத்தைத் தன் எல்லைக்கு வெளியே விட்டிருந்தது. 2007இல் செய்த திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. இணைய வியாபாரி தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் தன்மை, முழு விலை ஆகியவற்றைப் பகிரங்கமாகப் போட வேண்டும் என்ற விதிகள் 2013 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன; 2024இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்திருக்கின்றன.

விற்கும் பொருள் சொன்ன வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் உத்தரவாதம் தருகிறது. புதிதல்லாததைப் புதிது என்று சொல்லி விற்பதைப் பொய் வர்ணனை என்று அதன் 10ஆவது பிரிவு கண்டிக்கிறது. அதற்குத் தண்டனை தனியாளுக்கு 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனியானால் 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளி வரை அபராதம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சில வியாபாரிகள் எண்ணுகிறார்கள். இச்சட்டம் தரும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் அழிக்க முடியாது என்று 6ஆவது பிரிவு சொல்கிறது. ரசீதைக் காட்டி மிரட்டினால் மிரளாதீர்கள். ஆனால் ஒன்று: பொருளைத் திருப்பும் உரிமையை நியாயமான காலத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் உபயோகித்துவிட்டு, ‘முத்திரை இல்லாமல் வந்தது’ என்று போய் நின்றால் சட்டமும் கைகொடுக்காது. மனம் மாறிவிட்டது என்பது வேறு, பொருள் சொன்னபடி இல்லை என்பது வேறு என்பதையும் மறக்கக்கூடாது. நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக முத்திரையைச் சாக்குச் சொல்லும் அங்கத்தினர் யாரேனும் இருந்தால் அவருக்காக வாதாட நாம் தயாராயில்லை.

கடைக்காரரும் சந்தைக்காரரும் கையை விரித்தால் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம். இதைப் பற்றி நம் தோட்டங்களில் தெரிந்தவர் மிகச் சிலரே என்பது நமக்கு வருத்தம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. ஐந்தே வெள்ளி! இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரும் ஒரு ரொட்டியும் விற்கிற விலை. 50,000 வெள்ளி வரையுள்ள வழக்கை அங்கே கொண்டுபோகலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. பொதுவாக எதிர்க்கட்சியும் வக்கீலைக் கொண்டுவர முடியாது. முதலாம் பாரத்தை நிரப்பி, ரசீதும் படங்களும் பேச்சின் நகலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நேரிலும் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். விசாரணை தொடங்கிய 60 நாட்களுக்குள் கூடியவரை தீர்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம். தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாத வியாபாரி குற்றவாளியாகிறார். வழக்குக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வரை காலம் உண்டு என்றாலும், அதை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

2014 அக்டோபரில் இந்தியாவில் ஒருவர் தீபாவளிச் சமயத்தில் ஸ்னாப்டீல் என்ற இணையக் கடையில் சாம்சங் கைப்பேசி வாங்க, பெட்டிக்குள் பாத்திரம் கழுவும் விம் சோப்புக் கட்டி வந்து சேர்ந்தது. அவர் படமெடுத்து முகநூலில் போட்டார். ஊர் முழுக்கப் பரவிற்று. கடை பணத்தைத் திருப்பித் தந்தது. சோப்புக் கம்பெனி தன் பங்குக்கு ஒரு புதுக் கைப்பேசியே அனுப்பி வைத்தது. வேடிக்கையான கதைதான். ஆனால் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர் படம் போட்டால் ஊர் கூடிப் பார்க்குமா? சோப்புக் கம்பெனி ஓடி வருமா? விளம்பரம் கிடைத்தவனுக்கு மட்டும் நியாயம் என்பது நியாயமாகாது. அதனால்தான் முகநூலைவிட அந்த 5 வெள்ளி மனுவை நாம் பெரிதாக எண்ணுகிறோம்.

மனு மலாயில் எழுத வேண்டியிருக்கிறது, எங்களுக்கு வராது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மையுண்டு. ஒவ்வொரு கிளையிலும் எஸ்.பி.எம். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கிளைக்கு ஒருவராக நியமித்து, பாரம் நிரப்பும் வேலையைப் பழக்கிவிட வேண்டும் என்று கிளைக் காரியதரிசிகளை வற்புறுத்துகிறோம். உள்நாட்டு வர்த்தக அமைச்சின் அலுவலகம் அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் இருக்கிறது. 1-800-886-800 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் புகார் சொல்லலாம். பக்கத்தில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வேலையைச் செய்துவருகிறது. ‘பயனீட்டாளர் குரல்’ என்று தமிழிலும் பத்திரிகை நடத்தியிருக்கிறது. அவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளைக்கு அழைத்துப் பேசச் சொல்வதில் என்ன கஷ்டம்?

“இத்தனை தொல்லை எதற்கு? சுங்கைப் பட்டாணிக்குப் பஸ் ஏறிப் போய்க் கடையில் பார்த்து வாங்கினால் என்ன?” என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் மரியாதையோடு பதில் சொல்லுகிறோம். வாங்கலாம், பேஷாக வாங்கலாம். கண்ணுக்கெதிரே பெட்டியைத் திறக்கச் செய்து வாங்குவது இன்றைக்கும் நல்ல முறையே. ஆனால் ஒரு நாள் வேலை போகிறது, பஸ் செலவு ஆகிறது, விலையும் சில சமயம் 100 வெள்ளி அதிகம். அன்றியும், பட்டணத்துக் கடையிலும் ‘ஏ.பி. செட்’ என்று அதிகாரபூர்வ விநியோகஸ்தர் அல்லாதவர் இறக்கிய சரக்கை விவரம் சொல்லாமல் தள்ளிவிடுகிறவர்கள் இல்லாமலில்லை. இணையத்தில் யோக்கியமாக வியாபாரம் செய்கிறவர்கள் ஏராளம். தொழிலாளி மலிவு விலையைத் தேடுவதைக் குறை சொல்ல எவருக்கும் பாத்தியதை கிடையாது. மலிவு என்பதற்காக அவன் உரிமையையும் மலிவாக்கக் கூடாது என்பதே நம் வாதம்.

அரசாங்கத்திடமும் சந்தைக்காரரிடமும் நாம் கேட்பது அதிகமில்லை. அனுப்புவதற்கு முன் பெட்டியைத் திறந்திருந்தால், எதற்காகத் திறந்தது என்பதை விற்பனைப் பக்கத்திலேயே வியாபாரி எழுதும்படி கட்டாயப்படுத்துங்கள். வாங்குபவர் திருப்பி அனுப்பிய செட்டைப் ‘புதிது’ என்ற தட்டில் மறுபடி வைப்பதை நிறுத்துங்கள். ‘திறந்த பெட்டி’ என்று சொல்லி விலையைக் குறைத்து விற்கட்டும், வாங்குகிறவர் தெரிந்தே வாங்கட்டும். தோட்டம், கம்பம் போன்ற இடங்களில் பார்சல் வாங்குபவர் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்துதான் பணம் விடுவிக்கும் நாட்களை எண்ண வேண்டும். காவல் குடிசையில் போட்ட நாளிலிருந்து அல்ல. உத்தரவாதமும் அப்படியே.

இந்தச் சட்டமும் மன்றமும் எட்டாத இடம் ஒன்று உண்டு. விற்பவர் வெளிநாட்டில் இருந்து, இங்கே முகவரியே இல்லாதவராக இருந்தால், மன்றத்தின் ஓலை அவரைப் போய்ச் சேருவது எப்படி? ஆகவே பொருள் எங்கிருந்து வருகிறது என்பதைப் பணம் கட்டுமுன் பாருங்கள். சந்தைக்கு வெளியே, “நேரே என் பேங்க் கணக்கில் போடுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்” என்கிறவர் வியாபாரியே அல்ல என்று வைத்துக்கொள்ளலாம். போலீசாரின் ‘செமாக் மூல்’ பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்த்தால் முன்பு புகார் வந்திருக்கிறதா என்று தெரியும். பணம் போட்டு ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே 997க்குக் கூப்பிட வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்கு ஓடுவதற்கு முன் பிடிப்பதற்கென்றே 2022இல் அந்த மையத்தை அமைத்திருக்கிறார்கள். முத்திரை உடைந்த பெட்டிக்கு அந்த எண்ணைக் கூப்பிட வேண்டியதில்லை; அதற்கு மேலே சொன்ன வழிகள் போதும். கைவசம் இப்படியொரு பெட்டி வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கும் அங்கத்தினர்கள், பெட்டி, மேல் உறை, ரசீது மூன்றையும் எறியாமல் எடுத்துக்கொண்டு வருகிற கிளைக் கூட்டத்துக்கு வந்து சேரட்டும்.